காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, நேரம் யார் கையில்?

கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் இரண்டு அறை வீடு. பாயில் மருத்துவமனைக் கோப்பு, ஆஞ்சியோ சிடி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். மகன்தான் பேசினான். "முகாம்ல வந்தவங்க எல்லாமே ஃப்ரீங்கிறாங்க அக்கா. நாளைக்கே அட்மிஷனாம். நூறு பர்சன்ட் அடைப்புன்னு சொல்றாங்க, பயமா இருக்கு." அக்கா என்னைப் பார்த்து, "நீ படிச்ச புள்ள, நீ சொல்லு பாப்பா" என்றார்.

நான் படித்தது சமூகவியல். இதயத்தைப் பற்றி நான் சொல்லி யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. இதய மருத்துவரிடம் நானும் கூட வருகிறேன், கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினேன். இசிஜி எடுத்த தேதி, எக்கோ எடுத்த தேதி, ஆஞ்சியோ செய்த தேதி எல்லாம் வரிசையாக இருந்தன. அந்தக் குழாய் அடைத்த தேதி மட்டும் எங்கும் இல்லை. அது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்த நாள்.

அக்காவுக்கு 46 வயது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது, கழிவறை கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது அவருடைய வேலை. மாதச் சம்பளம் கிடையாது. ஒரு முகூர்த்தத்துக்கு இவ்வளவு என்று கூலி. காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு, மண்டபத்தைக் கழுவிவிடுவது எல்லாம் முடிந்தால்தான் கணக்கு. அன்று விடிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் தூக்கும்போது நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது என்றார். தாடை வலித்தது. ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்த்தது. மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி" என்று பதில். குடித்தார். வாந்தி வந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், இலை எடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கூலியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். வாயு என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இசிஜி எடுக்கவில்லை.

வலி தொடங்கி அதற்குள் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அடுத்த முகூர்த்தம். வேலைக்குப் போய்விட்டார். நான்கு மாதம் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றுதான் அரசு மருத்துவமனைக்கு வந்தார். பழைய மாரடைப்பு என்றது இசிஜி. இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற திறன் 35 சதவீதம் என்றது எக்கோ. இயல்பாக இது 55-க்கு மேல் இருக்க வேண்டும். ஆஞ்சியோவில், இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற முக்கியக் குழாய் முழுக்க அடைத்திருந்தது.

மேஸ்திரியை வில்லனாக்கிவிடாதீர்கள் தோழர்களே. அவரும் நம் தெருக்காரர்தான். ஆள் குறைந்தால் அவர் கூலியில் பிடிப்பார்கள்.

'நூறு சதவீத அடைப்பு' என்ற சொல் கேட்பவரை நடுங்க வைக்கிறது. ஆனால் முழு அடைப்பு என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது ஒரே விஷயம் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் மருத்துவ உரிமை பேசினால் தப்பான இடத்தில் போய்ச் சண்டை போடுவோம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வகை, இப்போதுதான் அடைத்தது. குழாயின் உள்சுவரில் பல வருடங்களாகச் சேர்ந்த கொழுப்புப் படிவு திடீரென்று வெடிக்கிறது, அதன் மேல் ரத்தம் உறைகிறது, குழாய் மூடிக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் இதயத் தசை சாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் பெரும்பகுதி செத்துவிடும். இந்த நேரத்துக்குள் இரண்டு வழி உண்டு. உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற ஊசி ஒன்று. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்னொன்று, மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் கொண்டுபோய், பலூனை விரித்து, ஸ்டென்ட் வைத்துத் திறப்பது. மருத்துவமனை வாசலில் காலை வைத்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் விரிய வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிற இலக்கு. இங்கே திறப்பது உயிரைக் காப்பாற்றுகிறது. இதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது வகை, அடைத்து நாள் ஆகிவிட்டது. மாரடைப்பு வந்து 3 நாள் முதல் 28 நாள் வரை ஆன, குழாய் இன்னும் முழுக்க மூடியிருக்கிற, ஆனால் நிலைமை சீராக இருக்கிற 2,166 பேரை வைத்து ஓஏடி என்ற ஆய்வு 2006-ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். மீதிப் பேருக்கு மருந்து மட்டும். சாவிலும் அடுத்த மாரடைப்பிலும் இதயச் செயலிழப்பிலும் திறந்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. தசை செத்த பிறகு தண்ணீர் திறந்துவிட்டால் பயிர் எழுந்து நிற்காது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் அக்காவுடையது. மூன்று மாதத்துக்கு மேல் முழுக்க மூடிக் கிடக்கிற குழாய். நாள்பட்ட முழு அடைப்பு என்பார்கள். எல்லாருக்கும் இது தவறவிட்ட மாரடைப்பால் வருவதில்லை. பலருக்கு மெதுவாக மூடி, பக்கத்துக் குழாய்களிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் வளர்ந்து ஓரளவு ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். மூடிய இடம் நாளாக ஆக நாராகிச் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். சாதாரண ஆஞ்சியோபிளாஸ்டி கம்பி அதில் நுழையாது. இதற்கென்றே தேர்ச்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் குழாய் செலுத்திப் படம் பார்த்துக்கொண்டு, 0.36 மில்லிமீட்டர் கம்பியை அடைப்பின் முன்பக்கமிருந்து குத்திப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் அந்தக் கிளைக் குழாய்கள் வழியாகச் சுற்றிப் போய்ப் பின்பக்கமிருந்து திறப்பார்கள். ஜப்பானிய மருத்துவர்கள் பெரிதாக வளர்த்தெடுத்த வித்தை இது. பல மணி நேரம் ஆகலாம். குழாய் ஓட்டையாகிற ஆபத்து, சாயத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, எக்ஸ்ரே கதிர்வீச்சு எல்லாம் வழக்கத்தைவிட அதிகம். கை தேர்ந்தவர்களிடம் பத்தில் எட்டு ஒன்பது வெற்றி. மற்றவர்களிடம் அவ்வளவு இல்லை.

திறந்தால் என்ன கிடைக்கும்? 2018-ல் வந்த யூரோசிடிஓ ஆய்வில் 396 பேர். நெஞ்சுவலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. 2019-ல் கொரிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய டெசிஷன்-சிடிஓ ஆய்வில் 834 பேர். சாவு, மாரடைப்பு விஷயத்தில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நல்ல மருந்து கொடுத்தும் வலி நிற்காதவருக்கு இந்தச் சிகிச்சை வாழ்க்கையைத் திருப்பித் தரலாம். வலி இல்லாமல் வேலை செய்வது என்பது கூலிக்காரருக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனால் 'நாளைக்கே' என்று இதற்கு அவசரம் இல்லை. அந்த 'நாளைக்கே' தேவைப்பட்டது வைகாசி முகூர்த்த நாளில். அன்று யாரும் சொல்லவில்லை.

காப்பீட்டுத் திட்டத்தைக் குறைத்துப் பேசுகிறவள் அல்ல நான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. என் அப்பா காலத்தில் நம் தெருவில் யாருக்காவது பலூன் சிகிச்சை என்றால் நகையும் நிலமும் போகும். நகையும் நிலமும் இல்லாதவர் போய்விடுவார். 2017 பிப்ரவரியில் மத்திய விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. அதுவும் தானாக வரவில்லை, ஒரு வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்கு நடத்தினார். பலூன், கம்பி, கதீட்டருக்கு அந்த உச்சவரம்பு இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நாள்பட்ட அடைப்புக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அவைதான்.

இதெல்லாம் பொருளின் விலை. அக்காவிடம் இல்லாமல் போனது பொருள் அல்ல.

2008-ல் லான்செட் இதழில் கிரியேட் என்ற இந்திய ஆய்வு வந்தது. 89 மருத்துவமனைகள், 20,468 நோயாளிகள். இந்தியாவில் மாரடைப்புச் சிகிச்சை பற்றிப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. முழு அடைப்பு மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவமனை வந்து சேர எடுத்த நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். 30 நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். பலூன் சிகிச்சை பணக்காரர்களில் 15.3 சதவீதம் பேருக்கு, ஏழைகளில் 2 சதவீதம் பேருக்கு. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. கிடைத்த சிகிச்சையின் வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது, சாவில் இருந்த அந்த ஏழை-பணக்காரர் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஏழையின் உடம்பு பலவீனம், பழக்கவழக்கம் கெட்டது, சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று வழக்கமாகச் சொல்லும் கதைக்கு அங்கே வேலை இல்லை. சிகிச்சை சமமாக இருந்தால் சாவும் சமமாக இருந்திருக்கும்.

சாதி அந்த ஆய்வில் இல்லை. வர்க்கம் மட்டும்தான். போன மாதம் மாணவர்கள் கூட்டம் ஒன்றில், "அப்படியென்றால் இது வர்க்கப் பிரச்சினைதானே, இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2022-ல் அமெரிக்க அறிவியல் அகாதமி இதழில் வியாஸ், ஹாதி, குப்தா மூவரும் எழுதிய ஆய்வு இந்தியாவின் ஒன்பது மாநிலங்களை எடுத்துக்கொண்டது. தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்சாதி இந்துக்களைவிட மூன்று வருடத்துக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நான்கு வருடத்துக்கு மேல் குறைவு. பொருளாதார நிலையைக் கொண்டு விளக்க முடிந்தது அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவு. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. ஆகவே நமக்கும் அதே எண் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் மாரடைப்பு வந்தவர் எந்தச் சாதி, எத்தனை நிமிடத்தில் சிகிச்சை கிடைத்தது என்று யாரும் சேர்த்து எண்ணிப் பார்த்ததாக நான் அறியவில்லை. பள்ளிச் சேர்க்கையிலிருந்து கல்யாணம் வரை, சுடுகாடு வரை சாதி எழுதப்படுகிற நாட்டில், மருத்துவமனைக் கோப்பில் மட்டும் நாம் எல்லாரும் மனிதர்கள் ஆகிவிடுகிறோம்.

அமெரிக்காவில் நோயாளியின் இனத்தைப் பதிகிறார்கள். அதனால் அங்கே கேள்வி கேட்க முடிகிறது. 1999-ல் ஷுல்மன் என்பவரும் கூட்டாளிகளும் நடிகர்களை நெஞ்சுவலி நோயாளிகளாக நடிக்க வைத்துப் படம் எடுத்து, 720 மருத்துவர்களிடம் காட்டி, யாருக்கு ஆஞ்சியோ பரிந்துரைப்பீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளையர்களில் 90.6 சதவீதத்துக்கும் கறுப்பர்களில் 84.7 சதவீதத்துக்கும் பரிந்துரை கிடைத்தது. பத்திரிகைகள் 'கறுப்பருக்கு 40 சதவீதம் குறைவு' என்று எழுதித் தள்ளின. விகிதக் கணக்கைத் தப்பாகப் படித்த பெரிய பிழை அது, அதே இதழிலேயே பிறகு கடுமையான விமர்சனம் வந்தது. கறுப்பினப் பெண்களுக்குத்தான் உண்மையில் எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது. இந்தக் கதையை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நம் பக்கம் நியாயம் இருக்கும்போது எண்ணை ஊதிப் பெருக்க வேண்டிய தேவை இல்லை. பெருக்கினால் எதிராளிக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அக்கா ஏழை. ஏழை என்பதால் காப்பீட்டு அட்டை கிடைத்தது. ஆனால் எச்சில் இலை எடுக்கிற வேலை ஏழைகள் எல்லாருக்கும் பொதுவானது அல்ல. அந்த மண்டபத்திலேயே சமையல்கட்டில் கூலிக்கு வந்தவர்களும் ஏழைகள்தான். அதில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வேறொருவர் கரண்டியைப் பிடிப்பார். இலை எடுக்கிற இடத்தில் மாற்று ஆள் கிடையாது. பந்தி நடக்கும்போது அந்த வேலையை இன்னொருவர் தொடமாட்டார். சாதி என்பது தொழிலாளர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-லேயே வாதிட்டார். அப்படிப் பிரித்து வைத்ததால்தான் நாலரை மணிக்கு வலி வந்த பெண் நாலு மணிக்கு வெளியே வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூரில் இருக்கிற மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். 2022 கடைசியில் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்களே, அந்த மாதங்களில் சுற்றிப் போகிற நேரத்தைப் பற்றி ஊரே பேசியது. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று எல்லாரும் கேட்டார்கள். மண்டபத்தின் பின்வாசலைத் தாண்ட ஆகிற பதினோரு மணி நேரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

'கேஸ்' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. உழைக்கிற உடம்புக்கு ஹார்ட் அட்டாக் வராது என்று நாமே நம்புகிறோம். அது ஏசியில் உட்கார்ந்திருப்பவர் நோய் என்று நினைக்கிறோம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே, என்று காட்டியது. அதே ஆய்வில் வேலையிடத்தில் மிதமான உழைப்பு இதயத்தைக் காத்தது, கடும் உடலுழைப்பு காக்கவில்லை. மூட்டை தூக்குவது உடற்பயிற்சி ஆகாது. இதோடு பெண் என்பதும் சேர்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற ஆணைத்தான் சினிமாவில் பார்த்திருக்கிறோம். தாடை வலி, முதுகு வலி, வாந்தி, வேர்வை என்று வருகிற பெண்ணுக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை, தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கோவையின் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் மருத்துவர் அஜித் முள்ளசாரி இருவரும் முன்னின்று, 2012-லிருந்து தமிழ்நாட்டில் நான்கு இடங்களை மையமாக வைத்து ஒரு திட்டத்தை நடத்தினார்கள். கேத் லேப் இருக்கிற பெரிய மருத்துவமனை ஒன்று, அதைச் சுற்றிச் சின்ன மருத்துவமனைகள். சின்ன இடத்திலேயே இசிஜி எடுத்து அனுப்புவது, அங்கேயே கரைக்கிற ஊசி போடுவது, 108 வண்டியில் ஏற்றிப் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது, செலவுக்கு அரசுக் காப்பீடு. மொத்தம் 2,420 நோயாளிகள். 2017-ல் முடிவு வெளியானது. ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமானார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த ஆம்புலன்ஸ், இருந்த அட்டை, இருந்த ஊசி. அவற்றை ஒரு கயிற்றில் கட்டினார்கள்.

ஆனால் அந்த ஆய்வுக்குள்ளும் ஒரு எண் என்னை விடவில்லை. 2,420 பேரில் பெண்கள் 16 சதவீதம். பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்பது ஒரு பகுதி உண்மை. மீதிப் பெண்கள் மண்டபத்தின் பின்கட்டில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்களா என்பதை அந்த ஆய்வு சொல்ல முடியாது. மருத்துவமனை வாசலுக்கு வந்தவர்களைத்தான் அது எண்ணியது.

2023-ல் அரசு 'இதயம் காப்போம் திட்டம்' கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும், நெஞ்சுவலி என்று வருபவருக்கு அங்கேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நல்ல திட்டம், எளிய திட்டம். நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று போய்க் கேளுங்கள். பதினைந்து வீட்டில் கேட்டேன். ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரும் ஆஷா பணியாளரின் தங்கை. துணை சுகாதார நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. நம்மவர்களுக்கு வலி வருகிற நாலரை மணிக்கு அது திறந்திருக்காது.

நாம் வழக்கமாக வைக்கிற கோரிக்கை 'இலவச உயர்தர சிகிச்சை'. போஸ்டரில் நன்றாக இருக்கும். அந்தக் கோரிக்கையைச் சந்தை எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு முகாமே சாட்சி. சேரிக்குள் வேன் வருகிறது, அட்டை வைத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பல முகாம்கள் நேர்மையானவை, அதில் உயிர் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் வலியே இல்லாத, சீராக இருக்கிற அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பது ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2007-ல் கரேஜ் ஆய்வும், 2020-ல் இஸ்கீமியா ஆய்வும் சொல்லிவிட்டன. அட்டை இருக்கிறது என்பதற்காக வைக்கப்படுகிற ஸ்டென்ட்டும் நம் உடம்பின் மீது நடக்கிற ஒரு காரியம்தான். வைத்த பிறகு மாதக்கணக்கில் இரண்டு மாத்திரை தவறாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே ரத்தம் உறையும் என்று எத்தனை பேருக்குப் புரியும்படி சொல்கிறார்கள்? தேவையான நேரத்தில் கிடைக்காததும் தேவையில்லாத நேரத்தில் கிடைப்பதும் ஒரே ஆளுக்கு நடக்கிறது. அக்காவின் பாயில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

ஆகவே நேரத்தைக் கேட்போம் என்கிறேன். நேரத்தை எப்படிக் கேட்பது? இஎஸ்ஐ சட்டம் 1948-லேயே வந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கிற தொழிலாளி உடம்பு சரியில்லாமல் படுத்தால் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அக்காவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் மண்டபங்கள், விடுதிகள், மெஸ்கள் எத்தனை, அவற்றில் கழுவுகிறவர்கள் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள் என்று ஒரு மாணவர் குழு ஒரு கோடை விடுமுறையில் எண்ணிவிடலாம். யாராவது ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கேள்வித்தாள் தயாரிக்க நான் வருகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் முழு அடைப்பு மாரடைப்போடு வந்தவர்களுக்கு ஊசியோ பலூனோ எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, இரவில் எத்தனை பேருக்கு, பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். சாதிவாரியாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலையும் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

திருவிழாக் காலத்தில், வைகுண்ட ஏகாதசிக்கு, கோவிலைச் சுற்றி மருத்துவ முகாமும் 108 வண்டியும் நிறுத்துகிறார்கள். கூட்டத்தில் ஒருவர் சரிந்தால் சில நிமிடத்தில் ஆள் வந்துவிடும். வர வேண்டியதுதான். நேரத்தை ஏற்பாடு செய்ய இந்த ஊருக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

அக்காவை மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நேத்து அடைச்சது இல்லம்மா. பயப்படாதீங்க, அவசரம் இல்ல. மொதல்ல மாத்திரைய ஒழுங்கா போடுங்க. தசைல எவ்வளவு உசுரோட இருக்குன்னு ஒரு ஸ்கேன் பாப்போம். அப்பறமும் வலி இருந்தா தொறக்கறதப் பத்திப் பேசலாம்." அரை நிமிடம்தான் பேசினார், வரிசை நீளம். ஆனால் அக்காவைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்த்து அல்ல.

மாத்திரையில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கால் வீக்கம் வடிந்தது. வாளி தூக்கினால் இன்னும் நெஞ்சு இறுக்குகிறது. ஸ்கேனில் முன்பக்கத் தசை முழுக்கச் சாகவில்லை, ஒரு பகுதி உயிரோடு இருக்கிறது என்று வந்தது. இந்த மாதிரி அடைப்பைத் திறப்பதில் பழக்கமுள்ள குழு ஒன்று இருக்கிறது, முயற்சி செய்து பார்க்கலாம், முடியாமலும் போகலாம் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். முகாம் காகிதத்தில் அக்கா கையெழுத்துப் போடவில்லை. இதில் போட்டார்.

தேதியைச் சொன்னதும் மகனைக் கூப்பிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கச் சொன்னார். அன்று முகூர்த்தம் இல்லை. சரி என்றார்.